தட்டைத் தாள் பறப்பது எப்படி?

பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நான்கைந்து மடிப்பு மடித்து, 'ராக்கெட்' என்று பெயரிட்டுப் பறக்கவிடாத பள்ளிச் சிறுவர் இருக்க முடியாது. அந்தக் காகித விமானத்துக்கு எஞ்சின் இல்லை, விசிறி இல்லை, ஓட்டுபவரும் இல்லை. கையை விட்டுப் புறப்பட்ட பின் அதைக் காற்றில் தாங்குபவை அதன் இறக்கைகள் மட்டுமே. 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எறியப்பட்ட ஒரு காகித விமானம் 88.318 மீட்டர் சென்று உலகச் சாதனை படைத்தது. ஒரு கால்பந்தாட்டக் களத்தின் நீளத்தை நெருங்கும் தொலைவு இது!

இறக்கை எவ்வாறு தாங்குகிறது என்று கேட்டால், பாடநூல்கள் பலவற்றில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் ஒரு விடை உடனே நினைவுக்கு வரும். விமான இறக்கையின் மேற்புறம் வளைந்தும் கீழ்ப்புறம் தட்டையாகவும் இருக்கிறது. ஆகவே மேலே செல்லும் காற்று கூடுதல் தொலைவைக் கடக்க வேண்டும். கீழே செல்லும் காற்றோடு பின்விளிம்பில் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டியிருப்பதால் அது விரைந்து செல்கிறது. விரைவு மிகுந்தால் அழுத்தம் குறையும். எனவே இறக்கை மேலே தூக்கப்படுகிறது என்பதே அந்த விடை.

படிப்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் காகித விமானத்தின் இறக்கையைப் பாருங்கள். அதன் மேற்புறமும் தட்டை, கீழ்ப்புறமும் தட்டை. இரு பக்கத் தொலைவும் ஒன்றே. அப்படியானால் அது பறக்கவே கூடாதல்லவா? ஆனால் பறக்கிறதே! விளக்கம், விமானம் ஆகிய இரண்டில் ஏதோ ஒன்று தவறாக இருக்க வேண்டும். விமானம் நம் கண்முன் பறக்கிறது. எனவே விளக்கத்தைத்தான் ஐயுற வேண்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டுமானால், சாய்ந்த ஒரு தட்டைப் பரப்பு காற்றில் என்ன செய்கிறது என்பதை மனிதன் அளந்து பார்க்கத் தொடங்கிய காலத்துக்குச் செல்ல வேண்டும். அந்த வரலாற்றின் முதல் ஏட்டுக்கு நம் கடலூரோடும் ஒரு தொடர்பு உண்டு.

சுழலும் கை

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் கணித அறிஞர் பீரங்கிக் குண்டுகளின் ஓட்டத்தை ஆராய்ந்து புகழ்பெற்றவர். குண்டு செல்லும் வழியில் காற்று எவ்வளவு தடை தருகிறது என்று அறிய விரும்பிய அவர், 1746ஆம் ஆண்டு வாக்கில் ஓர் எளிய கருவியைச் செய்தார். நிமிர்ந்து நிற்கும் ஓர் அச்சு. அதிலிருந்து கிடையாக நீளும் ஒரு கை. கையின் நுனியில் சோதிக்க வேண்டிய பொருள். அச்சில் சுற்றப்பட்ட கயிற்றில் ஒரு எடைக்கல் தொங்கும். கல் இறங்க இறங்க அச்சு சுழலும். கையின் நுனியிலுள்ள பொருள் காற்றைக் கிழித்துக்கொண்டு வட்டமிடும். எடைக்கும் சுழலும் வேகத்துக்கும் உள்ள தொடர்பிலிருந்து காற்றின் தடையைக் கணக்கிடலாம்.

இக்கருவியைக் கொண்டு ராபின்ஸ் ஓர் உண்மையைக் கண்டார். இரு பொருள்கள் காற்றுக்குக் காட்டும் பரப்பு ஒன்றாக இருந்தாலும், அவற்றின் வடிவமும் அவை காற்றை எதிர்கொள்ளும் நிலையும் மாறினால் தடையும் மாறுகிறது. அக்காலத்துக் கொள்கைகள் இதற்கு விளக்கம் தரவில்லை.

பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தன் தலைமைப் பொறியாளராக நியமித்து, இங்குள்ள கோட்டைகளைச் சீரமைக்க அனுப்பியது. 1750இல் இந்தியா வந்த அவர், அடுத்த ஆண்டு ஜூலையில், கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 44. அவர் விட்டுச் சென்ற சுழல் கைதான் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் இறக்கை ஆராய்ச்சியின் முதன்மைக் கருவியாக விளங்கியது.

கணக்கு போட்ட தடை

ராபின்ஸ் எதிர்த்து நின்ற கொள்கை சாதாரணமானதன்று. அது நியூட்டனின் பெயரோடு இணைந்தது. 1687இல் வெளிவந்த நூலில் நியூட்டன், காற்றைத் தனித்தனித் துகள்களின் கூட்டமாக வைத்துத் தடையைக் கணக்கிட்டார். பின்வந்தவர்கள் அதே வழியில் சாய்ந்த தகட்டுக்கும் ஒரு விதி கண்டனர். தகட்டின் மீது செயல்படும் விசை, சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே அவ்விதி.

இதன் பொருளை ஒரு கணக்கால் பார்ப்போம். 5 பாகை சாய்வுக்குச் சைன் மதிப்பு 0.087. அதன் வர்க்கமோ 0.0076 மட்டுமே. அதாவது, விசை சைன் மதிப்பை மட்டும் பொறுத்ததானால் கிடைக்கக்கூடியதில் ஏறத்தாழ பதினோரில் ஒரு பங்குதான் இவ்விதிப்படி கிடைக்கும். அப்படியானால், சிறு சாய்வில் ஒரு மனிதனைத் தாங்க மிகப் பெரிய இறக்கை வேண்டும். பறப்பது நடவாத காரியம் என்று சொல்வதற்கு இந்தக் கணக்கு உதவியது.

எங்கே பிழை? துகள்கள் தகட்டின் கீழ்ப்புறத்தில் மட்டும் மோதித் தெறிப்பதாகக் கணக்கு கொண்டது. மேற்புறத்தில் என்ன நடக்கிறது என்பதை அது கருதவே இல்லை. உண்மையில் காற்று தனித்தனித் துகளாக வந்து மோதுவதில்லை. தொடர்ச்சியான ஓட்டமாக வருகிறது. தகட்டை அடையும் முன்னரே வளைகிறது. மேற்புறத்தையும் தழுவிச் செல்கிறது. இந்த மேற்புறத்தின் பங்கே பெரும்பங்கு. ஆனால் இது தெளிவாவதற்கு இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

ஒரு காகிதப் பட்டம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த பிராம்ப்டன் என்னும் ஊரில் வாழ்ந்த நிலக்கிழார் ஜார்ஜ் கேய்லி (1773-1857). பறவையைப் பார்த்துப் பறக்க விரும்பிய மனிதர்கள் அதுவரை எல்லோரும் சிறகடிக்கும் பொறிகளையே எண்ணிக்கொண்டிருந்தனர். பறவையின் சிறகு இரண்டு வேலைகளைச் செய்கிறது: உடலைத் தாங்குகிறது, முன்னுக்கும் தள்ளுகிறது. இவ்விரண்டையும் ஒரே உறுப்பால் செய்ய முயன்றதுதான் தோல்விக்குக் காரணம் என்பதைக் கேய்லி கண்டார். தாங்குவதற்கு அசையாத இறக்கை ஒன்று. தள்ளுவதற்கு வேறொரு கருவி. 1799இல் ஒரு சிறு வெள்ளித் தகட்டின் ஒரு பக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு பொறியின் படத்தையும், மறுபக்கத்தில் சாய்ந்த இறக்கையின் மீது செயல்படும் விசைகளின் படத்தையும் அவர் பொறித்து வைத்தார். இன்றைய விமானங்கள் அனைத்தும் இந்த எண்ணத்தின் வழிவந்தவையே.

கேய்லி எண்ணத்தோடு நிற்கவில்லை. 1804இல் ராபின்ஸின் சுழல் கையைப் போன்ற ஒன்றைச் செய்து, ஒரு சதுர அடிப் பரப்பைப் பல கோணங்களில் சாய்த்துச் சுழற்றித் தூக்கு விசையை அளந்தார். அதே ஆண்டில் ஒரு சறுக்கு விமானத்தையும் செய்தார். அதன் இறக்கை எது தெரியுமா? சிறுவர்கள் விடும் ஒரு சாதாரணக் காகிதப் பட்டம்!

ஒரு மெல்லிய மரக்கோலின் மீது பட்டத்தை 6 பாகை சாய்வாகப் பொருத்தினார். பட்டத்தின் பரப்பு 154 சதுர அங்குலம். இன்றைய ஏ4 தாள் ஒன்றரைக்குச் சற்றே கூடுதல். கோலின் பின்முனையில், ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரு சிறு தட்டைகளாலான வால். வாலின் கோணத்தை விருப்பம்போல் மாற்றலாம். முன்புறம் ஒரு சிறு எடையை வைத்து எடையின் மையத்தைச் சரிசெய்யலாம். குன்றின் மேலிருந்து விட்டபோது அது அமைதியாகச் சறுக்கிச் சென்று கீழே இறங்கியது.

நிலையான இறக்கை, பின்னால் வால், முன்னால் எடை என்ற இன்றைய விமானத்தின் உருவம் முதன்முதலாக வானில் சென்றது இவ்வாறே. காகித விமானத்தை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். விமானத்தின் மூதாதையே ஒரு காகித விமானந்தான்.

கேய்லி தம் முடிவுகளை 1809-1810 ஆண்டுகளில் மூன்று கட்டுரைகளாக வெளியிட்டார். முதுமையிலும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. 1853இல் பெரிய சறுக்கு விமானம் ஒன்றில் தம் வண்டிக்காரரை ஏற்றிப் பள்ளத்தாக்கைக் கடக்கச் செய்தாராம். இறங்கிய வண்டிக்காரர், தம்மை வேலைக்கு வைத்தது குதிரை வண்டி ஓட்டத்தானே தவிரப் பறப்பதற்கு அன்று என்று கூறி விலகிக்கொண்டதாக ஒரு கதை உண்டு.

ரப்பரில் ஓடிய பொம்மை

இறக்கை தாங்கினால் மட்டும் போதாது. கவிழாமலும் இருக்க வேண்டும். மடிக்காத ஒரு தாளை மேலிருந்து விட்டுப் பாருங்கள். அது இப்படியும் அப்படியும் ஆடி, புரண்டு விழும். தாளில் தூக்கு விசை இல்லாததால் அன்று, அந்த விசை தவறான இடத்தில் செயல்படுவதால்தான் இப்படி நேர்கிறது. சிறு கோணத்தில் சாய்ந்து செல்லும் தட்டையின் மீது தூக்கு விசை நடுவில் செயல்படுவதில்லை. முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ கால் பங்கு தொலைவில் செயல்படுகிறது. தாளின் எடையோ நடுவில் இருக்கிறது. முன்னால் தூக்கு, நடுவில் எடை என்றால் மூக்கு மேலே எழும்பாமல் என்ன செய்யும்? எழும்பியதும் வேகம் குறைகிறது, தாள் பின்னோக்கிச் சரிகிறது, மறுபடி எழும்புகிறது. காகித விமானம் செய்யும்போது முன்பகுதியைத் திரும்பத் திரும்ப மடிக்கிறோமே, அந்த மடிப்புகளின் வேலை எடையை முன்னே கொண்டுவருவதுதான்.

கவிழாமையின் கணக்கைத் தெளிவாகச் செய்து காட்டியவர் பிரான்ஸ் நாட்டு இளைஞர் அல்ஃபோன்ஸ் பெனோ. 1850இல் பிறந்த இவர், இடுப்பு நோயால் கடற்படையில் சேர முடியாமல் போய், பறக்கும் பொறிகளில் மனத்தைச் செலுத்தினார். முறுக்கிய ரப்பரை எஞ்சினாகக் கொண்டு அவர் செய்த சிறு விமானம், 1871 ஆகஸ்டு 18ஆம் நாள் பாரிஸின் துயிலரி தோட்டத்தில் பார்வையாளர் முன் 11 விநாடிகளில் 40 மீட்டர் பறந்தது. எவரும் அதை இயக்கவில்லை. அது தானே தன்னைச் சமன்செய்துகொண்டது.

இறக்கையைவிடக் குறைந்த கோணத்தில் வாலை அமைத்ததே அவருடைய உத்தி. மூக்கு தாழ்ந்தால் வால் அதை நிமிர்த்தும். மூக்கு நிமிர்ந்தால் தாழ்த்தும். இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்ததால் பக்கவாட்டிலும் சாயவில்லை. காகித விமானத்தின் பின்விளிம்பைச் சிறிதே மேலே மடித்துவிடுவதும், இறக்கைகளை முன்னிருந்து பார்க்கையில் அகன்ற 'வி' வடிவில் வைப்பதும் பெனோ கையாண்ட அதே வழிகள்தாம்.

1876இல் இருவர் அமரும் முழு விமானம் ஒன்றின் திட்டத்துக்குப் பெனோ காப்புரிமை பெற்றார். அதைக் கட்டப் பணம் கொடுப்பார் இல்லை. நோயும் ஏமாற்றமும் அவரை நொறுக்கின. 1880இல், முப்பதாவது வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில், ஒரு பாதிரியார் தம் இரு சிறு மகன்களுக்கு ரப்பரால் மேலெழும் ஒரு பறக்கும் பொம்மையை வாங்கி வந்தார். நெட்டி, மூங்கில், காகிதம் ஆகியவற்றால் செய்த அப்பொம்மை பெனோவின் அமைப்பைப் பின்பற்றியது. அந்தச் சிறுவர்கள் வில்பர் ரைட், ஆர்வில் ரைட். தம்முடைய எண்ணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது பெனோவுக்குத் தெரியாமலே போயிற்று.

வளைவின் வெற்றி

இதற்கிடையில் இறக்கையின் வடிவத்தைப் பற்றிய ஆராய்ச்சியும் நடந்துவந்தது. 1871இல் இங்கிலாந்தின் வென்ஹாம் முதல் காற்றுச் சுரங்கத்தை அமைத்தார். காற்றுச் சுரங்கம் என்பது, பொருளை அசையாமல் நிறுத்திவைத்து அதன்மேல் விசிறியால் காற்றைச் செலுத்தும் பெட்டி. நியூட்டன் வழிவந்த விதி சொல்வதைவிடச் சிறு கோணங்களில் தூக்கு விசை மிகக் கூடுதல் என்பதையும், அகலம் குறைந்து நீண்ட இறக்கைகளே சிறந்தவை என்பதையும் அது காட்டியது.

ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் பறவைகளின் சிறகைக் கூர்ந்து ஆராய்ந்தவர். தட்டையான தகட்டைவிட, சிறிதே வளைந்த தகடு அதிகம் தூக்குகிறது என்பதைச் சுழல் கையால் அளந்து, 1889இல் நூலாக வெளியிட்டார். பிறகு 1891 முதல் தாமே செய்த சறுக்கு விமானங்களில் ஏறி, ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 2000 முறை பறந்தார். 250 மீட்டர் வரை சென்றார். 1896 ஆகஸ்டு 9ஆம் நாள் பறந்துகொண்டிருந்தபோது விமானத்தின் மூக்கு நிமிர்ந்தது, வேகம் குறைந்தது, அவர் உடலை முன்னே சாய்த்தும் பயனில்லை. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த அவர் மறுநாள் பெர்லினில் இறந்தார்.

அவருக்கு நேர்ந்ததைக் காகித விமானத்திலும் காணலாம். மூக்கை மிகவும் மேலே நோக்கி எறிந்தால் அது ஏறி, ஒரு கணம் நின்று, தலைகீழாக விழுகிறதல்லவா? சாய்வு ஓர் அளவைக் கடந்தால் மேற்புறக் காற்று இறக்கையைத் தழுவாமல் பிரிந்துவிடுகிறது. தூக்கு விசை சரிகிறது. இதனை 'ஸ்டால்' என்பர். காகிதத்துக்கு இது ஒரு குட்டிக்கரணம். லிலியந்தாலுக்கு அது உயிரையே வாங்கியது.

அவருடைய இறப்புச் செய்தி ரைட் சகோதரர்களின் ஆர்வத்தைத் தூண்டியது. அவர்கள் 1901இல் செய்த சறுக்கு விமானம், கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவே தூக்கு விசை தந்தது. வேறு எவரும் மனம் தளர்ந்திருப்பர். அவர்களோ சைக்கிள் கடைக்குத் திரும்பி, ஆறடி நீளமுள்ள ஒரு மரப்பெட்டியைக் காற்றுச் சுரங்கமாக்கி, சைக்கிள் கம்பியாலும் ரம்பத் தகட்டாலும் தராசு செய்து, ஏறத்தாழ 200 சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். நூற்றைம்பது ஆண்டுகளாக எல்லோரும் கையாண்ட காற்றழுத்த எண் ஒன்று உண்மையைவிட ஒன்றரை மடங்கு பெரிது என்பதும், தம் இறக்கை நீளம் போதாமல் அகலமாக இருந்தது என்பதும் தெரியவந்தன. 1902இல் நீண்டு ஒடுங்கிய இறக்கையுடன் செய்த சறுக்கு விமானம் எதிர்பார்த்தபடியே பறந்தது. 1903 டிசம்பர் 17ஆம் நாள் எஞ்சின் பூட்டிய விமானம் முதல் முறை 12 விநாடிகள், 120 அடி பறந்தது. அன்றைய நான்காம் முறையில் 59 விநாடிகள், 852 அடி.

கணக்கு விடை தந்தது

விமானம் பறந்துவிட்டது, ஏன் பறக்கிறது என்பதற்குக் கணித விடை அப்போதும் முழுமையாக இல்லை! பிசுபிசுப்பே இல்லாத பாய்மத்தில் ஒரு பொருளுக்குத் தடையே இராது என்ற விந்தையான முடிவை 1752இலேயே பிரெஞ்சு அறிஞர் தலாம்பேர் கண்டிருந்தார். அத்தகைய கணக்கில் தூக்கு விசையும் பூச்சியமாகவே வந்துகொண்டிருந்தது.

ஜெர்மனியில் குட்டா 1902இலும், ரஷ்யாவில் சுக்கோவ்ஸ்கி 1906இலும் இதற்கு வழி கண்டனர். இறக்கையின் பின்விளிம்பு கூர்மையானது. காற்றுக்குச் சிறிதளவேனும் பிசுபிசுப்பு இருப்பதால், அந்தக் கூர்விளிம்பைச் சுற்றித் திரும்ப அதனால் இயலாது. மேலும் கீழும் வரும் காற்று பின்விளிம்பிலிருந்து வழுவழுப்பாக விலக வேண்டியதாகிறது. இந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்ததும் தூக்கு விசை கணக்கில் வந்து நின்றது. அதன்படி சிறு கோணங்களில் தட்டைத் தகட்டின் தூக்கு விசை, சைன் மதிப்பை நேரடியாகப் பொறுத்தது. அதன் வர்க்கத்தை அன்று. பழைய தடை நீங்கியது. 1904இல் ஜெர்மனியின் பிராண்டல், பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தில்தான் பிசுபிசுப்பு வேலை செய்கிறது என்று காட்டி, பிசுபிசுப்பின் பங்கு என்ன என்பதையும் விளக்கினார்.

இப்போது நம் கேள்விக்கு விடை சொல்லலாம். சாய்ந்து செல்லும் இறக்கை, தன்மீது வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்றைக் கீழே தள்ளினால் காற்று இறக்கையை மேலே தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. ஏ4 தாளில் செய்த காகித விமானத்தின் எடை ஏறத்தாழ 5 கிராம். அதைத் தாங்க, விநாடிக்கு 50 கிராம் காற்றை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கித் திருப்பினால் போதும். 50 கிராம் காற்று என்பது சுமார் 42 லிட்டர். மூன்று குடம் கொள்ளளவு என்று வைத்துக்கொள்ளலாம். இறக்கை வெறும் கீழ்ப்புறத்தால் இவ்வளவு காற்றைத் திருப்ப முடியாது. மேற்புறக் காற்றும் பரப்பைத் தழுவி வளைந்து இறங்குவதால்தான் முடிகிறது.

அழுத்தக் கணக்கு அப்படியானால் பொய்யா? இல்லை. இறக்கையின் மேலே காற்று விரைந்து செல்வதும், அங்கே அழுத்தம் குறைவதும் உண்மையே. பெர்னூலி கண்ட விதியில் பிழை இல்லை. பிழை வேறிடத்தில் இருக்கிறது. மேலும் கீழும் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் இல்லை. அது சந்திப்பதும் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டுப் பார்த்தால், மேலே சென்ற காற்று கீழே சென்றதற்கு முன்னதாகவே பின்விளிம்பை அடைந்துவிடுகிறது. தொலைவு கூடியதால் அது விரையவில்லை. இறக்கை சாய்ந்திருப்பதால் ஓட்டம் முழுவதும் வளைந்து, அதனால் விரைகிறது. அழுத்த வேறுபாடும் காற்றின் கீழ்த்திருப்பமும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள்.

வளைந்த முதுகுதான் காரணம் என்றால் விமானங்கள் தலைகீழாகப் பறக்க முடியாது. சாகச விமானங்கள் பறக்கின்றன. வளைந்த இறக்கை காற்றை இன்னும் நன்றாகத் திருப்புகிறது; கூடுதல் சாய்விலும் காற்றைப் பிரியவிடாமல் வைத்துக்கொள்கிறது. லிலியந்தால் கண்ட நன்மை இதுவே. ஆனால் வளைவு இல்லாவிடில் தூக்கு விசையே இல்லை என்பதன்று.

சிறியவற்றின் உலகம்

பெரிய விமானத்துக்குத் தட்டை இறக்கை பொருந்தாது. காகித விமானத்துக்கு மட்டும் எப்படிப் பொருந்துகிறது? பொருளின் அளவு, வேகம், பாய்மத்தின் பிசுபிசுப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் என்பதில் இதற்கு விடை உண்டு. விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் செல்லும், 15 செ.மீ. அகல இறக்கைக்கு இந்த எண் சுமார் 30,000. பயணிகள் விமானத்துக்கோ அது சில கோடி. எண் சிறிதாக இருக்கையில், தடித்து வளைந்த இறக்கையின் முதுகில் காற்று நிலைகொள்ளாமல் பிரிந்துவிடும். மெல்லிய தாளின் கூரிய முன்விளிம்பிலோ காற்று சிறிது பிரிந்து, குழம்பி, மீண்டும் பரப்பில் படிந்துகொள்கிறது. மாதிரி விமானங்களின் இறக்கைகளைச் சோதித்த ஜெர்மானியரான ஷ்மிட்ஸ், 1942இல் வெளியிட்ட நூலில், இத்தகைய சிறு எண்களில் தடித்த இறக்கையைவிட மெல்லிய தட்டையே மேல் என்று காட்டினார். பெரிய விமானத்தின் இறக்கையை அப்படியே சிறிதாக்கிப் பொருத்தினால் நம் காகித விமானம் கெட்டுத்தான் போகும்.

2022இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று காகிதத் தாள்களையே எடுத்துச் சோதித்தது. தாளின் முன்பகுதியில் மெல்லிய செம்புப் பட்டையை ஒட்டி, எடையின் மையத்தைச் சிறிது சிறிதாக இடம் மாற்றிப் பறக்கவிட்டனர்; தண்ணீர்த் தொட்டியில் பிளாஸ்டிக் தகடுகளைச் சறுக்கவிட்டும் அளந்தனர். மையம் நடுவில் இருந்தால் தாள் புரண்டு விழுந்தது. மிகவும் முன்னே போனால் மூக்குக் குத்தி விழுந்தது. இடையில் ஓர் இடத்தில் அமைந்தால் வழுவழுப்பாகச் சறுக்கிச் சென்றது. காரணம் சுவையானது. தட்டை இறக்கையின் சாய்வு கூடக் கூட, தூக்கு விசை செயல்படும் இடம் பின்னோக்கி நகர்கிறது. மூக்கு நிமிர்ந்தால் விசை பின்னே சென்று மூக்கைத் தாழ்த்துகிறது. தாழ்ந்தால் முன்னே வந்து நிமிர்த்துகிறது. வழக்கமான வளைந்த விமான இறக்கையில் இவ்வாறு நிகழ்வதில்லை. அதனால்தான் அதற்கு வால் வேண்டியிருக்கிறது. வாலில்லாத காகித விமானம் நேராகச் செல்வதன் மறைபொருள் அதன் தட்டைத் தன்மையிலேயே இருக்கிறது!

நீங்களும் சோதிக்கலாம்

ஓடும் மேசை விசிறியின் முன், ஓர் அட்டையை முதலில் கிடையாகவும் பிறகு சிறிதே சாய்த்தும் பிடியுங்கள். சாய்த்ததும் அட்டை மேலே எழ முயல்வதைக் கை உணரும். அட்டையின் பின்விளிம்பில் ஒரு நூலை ஒட்டினால், காற்று கீழ்நோக்கித் திரும்புவதை நூலே காட்டும். பிறகு ஒரே அளவில் நான்கைந்து காகித விமானங்கள் செய்து, ஒன்றின் மூக்கில் மட்டும் காகிதக் கவ்வி வையுங்கள். ஒன்றின் பின்விளிம்பை மட்டும் மேலே மடியுங்கள். ஒன்றின் இறக்கையை மட்டும் சிறிது வளையுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் பத்து முறை எறிந்து தொலைவை அளந்து எழுதிவையுங்கள். சைக்கிள் கடையில் ரைட் சகோதரர்கள் கையாண்ட முறையும் இதுவே.

ராபின்ஸ் தொடங்கி இன்றுவரை இறக்கையைப் பற்றிய தவறான கருத்துகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பொறுமையாக அளந்து பார்த்ததனால்தான் விலகின. அச்சிட்ட விளக்கத்துக்கும் கண்ணெதிரே பறக்கும் தாளுக்கும் முரண்பாடு நேர்ந்தால், தாளின் பக்கம் நின்று ஆராய்வதே அறிவியல் வழி.